மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை: முத்துலட்சுமி ரெட்டியின் காலத்தில் இருந்து இன்று வரை என்ன மாறியது?

உங்கள் வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து, மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டில் எம்.ஆர்.எம் என்ற மூன்று எழுத்துகளைப் பார்த்திருக்கிறீர்களா? டெல்லி எய்ம்ஸ் வாசலில் ஃபைலை மார்போடு அணைத்தபடி நிற்கும் குடும்பங்களில் பலருக்கு அந்த எழுத்துகளின் அர்த்தம் தெரியாது. மார்பகத்தை எடுத்துடுவாங்க என்பது வரைதான் புரிந்திருக்கும். ஏன் எடுக்கிறார்கள், எடுக்காமல் முடியாதா, எடுத்த பிறகு கை தூக்க வருமா, எத்தனை நாளில் சமைக்கலாம், வேலைக்குப் போகலாம் என்று அடுத்தடுத்த கேள்விகள் எல்லாம் வாய்க்குள்ளேயே நின்றுவிடும்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிப் போனால், தமிழ்நாட்டில் ஒரு பெண்ணின் வாழ்க்கைக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சட்டமன்றத் துணைத் தலைவர், தேவதாசி ஒழிப்பு, மகப்பேறு உதவித் திட்டத்தின் பெயர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவர் மருத்துவரும்கூட என்பதும், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் பிடிவாதத்தில் பிறந்தது என்பதும் பலருக்கு ஒரு வரித் தகவலாக மட்டுமே தெரியும். அந்த ஒரு வரியைத்தான் இங்கே விரித்துப் பார்க்கப் போகிறோம்.

முதல் பெண் மருத்துவரா?

முதலில் ஒரு திருத்தம். முத்துலட்சுமியை இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் என்று வாட்ஸ்ஆப்பில் வரும் தகவல்கள் சொல்லும். அது சரியில்லை. அவர் புதுக்கோட்டையில் 1886 ஜூலை 30 அன்று பிறந்தார். அதே 1886-ல்தான் ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும், காதம்பினி கங்குலி கல்கத்தாவிலும் மருத்துவப் படிப்பை முடித்தார்கள். முத்துலட்சுமி படித்த மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியிலேயே மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் 1875-ல் சேர்ந்து படித்திருக்கிறார். எதிலாவது முதலாவதாக இருந்தால்தான் ஒருவரை மதிக்க வேண்டும் என்றில்லை. முத்துலட்சுமி செய்ததைச் சொல்ல இந்தப் பட்டம் தேவையே இல்லை.

அப்பா நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்தத் திருமணத்தை அப்பாவின் குடும்பம் ஏற்கவில்லை. பூப்படைந்ததும் பள்ளியை நிறுத்திவிடும் காலம் அது. முத்துலட்சுமியும் வீட்டில் இருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். எதிர்ப்பு வந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கிட்டு இடம் கொடுத்தார். 1907-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. 1912-ல் பட்டம். எழும்பூரில் இருந்த அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் ஆனார்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே வரக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அந்தத் திருமணத்துக்குச் சம்மதித்தார். 1914 என்பதை மறக்காதீங்க.

அந்தக் காலத்து அறுவை சிகிச்சை எப்படி இருந்தது?

முத்துலட்சுமி மருத்துவம் படித்த வருடங்களில் மார்பகப் புற்றுநோய்க்கு உலகம் முழுக்க ஒரே பதில்தான் இருந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் 1894-ல் வெளியிட்ட முறை அது. மார்பகம் முழுவதையும், அதற்குக் கீழே நெஞ்சில் இருக்கும் தசைகளையும், அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளையும் ஒட்டுமொத்தமாக வெட்டி எடுத்துவிடுவார்கள். நம் ஊரில் நெறிகட்டி என்று சொல்வோமே, அதுதான் நிணநீர் முடிச்சு.

இவ்வளவு பெரிய வெட்டு எதற்கு? புற்றுநோய் ஒரு புள்ளியில் தொடங்கி, தண்ணீரில் கல் போட்டால் வட்டம் விரிவது போல அருகில் இருந்து தூரத்துக்குப் படிப்படியாகப் பரவும் என்று நம்பினார்கள். வட்டத்துக்கு வெளியே போய் வெட்டிவிட்டால் நோய் தீர்ந்தது என்பது கணக்கு. அந்தக் கணக்கில் உயிர் தப்பிய பெண்களும் இருக்கிறார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் நெஞ்சு குழி விழுந்து, விலா எலும்பு தோலுக்கு அடியில் துருத்திக்கொண்டு, கை வீங்கி, தோளைத் தூக்க முடியாமல் அந்தப் பெண்கள் மிச்ச வாழ்நாளைக் கழித்தார்கள்.

இந்தப் பயம் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்திருக்கிறது. இன்றும் ஆபரேஷன் என்றதும் நம் பாட்டிமார் முகம் மாறுவதற்கு இந்தப் பழைய அறுவை சிகிச்சையின் நினைவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

தங்கையின் மரணம்

முத்துலட்சுமியைப் புற்றுநோய் பக்கம் திருப்பியது மார்பகப் புற்றுநோய் இல்லை. அவருடைய தங்கைக்கு வயிற்றுப்போக்கும் ரத்தமும் இருந்தது. சீதபேதி என்று நினைத்து அதற்கான மருந்துகள் கொடுத்தார்கள். உண்மையில் அது மலக்குடல் புற்றுநோய். சரியாகக் கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது. 1923-ல் தங்கை இறந்தார்.

மருத்துவராக இருந்தும் கூடப்பிறந்தவளைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தக் குடும்பத்துக்கு மருத்துவர்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார்கள். இல்லாமல் போனது, இது புற்றுநோயாக இருக்குமோ என்று சந்தேகப்படும் கண்ணும், சந்தேகம் வந்தால் அனுப்பிவைக்க ஓர் இடமும்தான். முத்துலட்சுமியின் அடுத்த 30 வருட முயற்சியை இந்த இரண்டு குறைகளோடு வைத்துப் படித்தால்தான் புரியும்.

இன்றைய மார்பகப் புற்றுநோய்க்கும் இது அப்படியே பொருந்துவதுதான் வருத்தம். மார்பில் வரும் புற்றுக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலிக்கவில்லையே, அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டுவிடுகிறோம். பால் கட்டி, நீர்க்கட்டி, கொழுப்புக் கட்டி என்று யாராவது சொன்னால் அதை நம்பவே விரும்புகிறோம். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை என்பது உண்மைதான். ஆனால் எது இல்லை என்பதைக் கையால் தொட்டுப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது. புதிதாகக் கட்டி, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி சுருங்குவது, காம்பு திடீரென்று உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பில் ரத்தம் கசிவது, அக்குளில் கட்டி — இதில் எது இருந்தாலும் பரிசோதனை, ஸ்கேன் அல்லது மேமோகிராம், ஊசி பயாப்சி என்ற மூன்றும் தேவைப்படலாம்.

ஊசி குத்தினால், கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். முறையாகச் செய்யப்படும் ஊசி பயாப்சியால் நோய் பரவி உயிருக்கு ஆபத்து வருவதில்லை. அது இல்லாமல் சிகிச்சையைத் திட்டமிடவே முடியாது. கத்தி பட்டதும் பரவிட்டது என்று ஊரில் சொல்லப்படும் கதைகளில் பெரும்பாலானவை, ஏற்கனவே பரவிய பிறகு மருத்துவமனைக்கு வந்தவர்களின் கதைகள்.

லண்டனில் ஒரு வருடம்

1925-ல் அரசு உதவித்தொகையில் முத்துலட்சுமி லண்டன் போனார். கணவர், குழந்தைகளோடுதான் பயணம். செல்சீ மகளிர் மருத்துவமனையில் பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேற்படிப்பு. அங்கே இருந்தபோதே ராயல் கேன்சர் மருத்துவமனைக்கும் சென்று புற்றுநோயைக் கண்டறியும் முறைகளைக் கற்றார். புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை எப்படி இயங்குகிறது என்பதை அங்கேதான் பார்த்தார்.

இதில் ஒரு சுவாரசியமான பொருத்தம் இருக்கிறது. அதே லண்டனில், அதே வருடங்களில், செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் ஜெஃப்ரி கெய்ன்ஸ் என்ற அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட்டின் வழியைச் சந்தேகிக்கத் தொடங்கியிருந்தார். பொருளாதார நிபுணர் கெய்ன்ஸின் தம்பிதான் இவர். மார்பகத்தை எடுக்காமல், ரேடியம் ஊசிகளைத் திசுவுக்குள் வைத்தும், சிறிய வெட்டு மட்டும் போட்டும் சிகிச்சை செய்து பார்த்தார். பலன் மோசமில்லை என்று எழுதவும் செய்தார். சக மருத்துவர்கள் அவரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னும் 50 வருடத்துக்குப் பெண்களின் நெஞ்சுத் தசைகள் வெட்டப்பட்டுக்கொண்டே இருந்தன.

சட்டமன்றம், பிறகு மருத்துவமனைக் கனவு

ஊர் திரும்பியதும் வேறு வேலைகள் அவரை இழுத்துக்கொண்டன. மெட்ராஸ் சட்டமன்றத்துக்கு நியமனம், அங்கே துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்வு, கோயிலுக்குப் பெண்களை நேர்ந்துவிடும் வழக்கத்துக்கு எதிரான மசோதா, இந்தியக் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவில் உறுப்பினர். காந்தி கைதானதைக் கண்டித்து 1930-ல் பதவியைத் தூக்கிப்போட்டார். அடைக்கலம் கேட்டு வந்த தேவதாசி குடும்பச் சிறுமிகளுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். 1931-ல் அகில இந்திய மகளிர் மாநாட்டின் தலைவர். தேவதாசி ஒழிப்புச் சட்டம் கடைசியில் 1947-ல்தான் நிறைவேறியது. இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியவை. நாம் மருத்துவமனைக்குப் போவோம்.

1935-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழா. அந்தச் சமயத்தில், புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற தன் திட்டத்தை முத்துலட்சுமி வெளிப்படையாக முன்வைத்தார். ஆதரவு வந்தது, பணம் வரவில்லை. 1941-ல் மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. தெற்கே ஒன்றுமில்லை. போர் வந்தது, சுதந்திரம் வந்தது. தீராத நோய்க்கு எதற்கு மருத்துவமனை, காலரா, அம்மை, காசநோய்க்கே காசு போதவில்லையே என்பது அன்றைய அதிகாரிகளின் மனநிலை.

நியாயமாகச் சொன்னால் அந்த வாதத்தில் கொஞ்சம் கணக்கு இருந்தது. சராசரி ஆயுள் 30 சொச்சம் வருடமாக இருந்த நாட்டில் தொற்றுநோய்கள்தான் முதல் எதிரி. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை. எத்தனை பேருக்குப் புற்றுநோய் வருகிறது என்று யாருமே எண்ணிப் பார்த்திருக்கவில்லை. எண்ணாத நோய், பட்ஜெட்டில் இல்லாத நோய். தரவுகளோடு மல்லுக்கட்டும் வேலையில் இருக்கிற எனக்கு, முத்துலட்சுமி வாழ்க்கையில் ரொம்பவும் உறுத்துகிற இடம் இதுதான்.

1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 63. வீடு வீடாக, கடை கடையாக வசூல். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி புற்றுநோய் சிகிச்சையில் பயிற்சி பெற்று அம்மாவோடு சேர்ந்தார். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு டெல்லியில் இருந்து வந்து அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாறில் மருத்துவமனை இயங்கத் தொடங்கியது. மொத்தம் 12 படுக்கைகள். அடுத்த வருடம், அரசு மருத்துவமனையில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று விட்டுவிட்டு டாக்டர் வி.சாந்தா இங்கே வந்து சேர்ந்தார். 1956-ல் முத்துலட்சுமிக்குப் பத்மபூஷண். கதிர்வீச்சு சிகிச்சைக்கான கோபால்ட் இயந்திரம், 1950-கள் முடிவதற்குள் அடையாறுக்கு வந்துவிட்டது.

கோபால்ட் இயந்திரம் ஏன் முக்கியம்? மார்பகப் புற்றுநோயில் கத்தியின் நீளத்தைக் குறைத்ததே கதிர்வீச்சுதான். நம் மக்கள் இதைக் கரண்ட் வைப்பது என்று சொல்வார்கள். மின்சாரம் எதுவும் உடம்பில் பாய்வதில்லை. எக்ஸ்ரே எடுக்கும்போது எப்படி எதுவும் தெரியாதோ, அப்படித்தான் படுத்திருக்கும் சில நிமிடங்கள் போகும். பக்கவிளைவாகத் தோல் கறுக்கும், கொஞ்சம் எரியும், அசதியாக இருக்கும்.

கத்தி எப்போது சிறியதானது?

முத்துலட்சுமி ரெட்டி 1968 ஜூலை 22 அன்று காலமானார். அப்போதும் உலகின் பெரும்பாலான இடங்களில் பெரிய வெட்டுதான் நடைமுறை. அதில் ஒரு தளர்வு மட்டும் வந்திருந்தது: நெஞ்சின் பெரிய தசையை விட்டுவிட்டு, மார்பகத்தையும் அக்குள் முடிச்சுகளையும் மட்டும் எடுப்பது. லண்டனின் டேவிட் பேட்டி 1948-ல் எழுதிய முறை அது. தொடக்கத்தில் சொன்ன எம்.ஆர்.எம் என்பது இந்தத் திருத்தப்பட்ட முறையின் சுருக்கம்தான். மாடிஃபைட் ராடிகல் மாஸ்டெக்டமி. அதாவது இன்று உங்கள் வீட்டில் ஒருவருக்கு எம்.ஆர்.எம் என்றால், நெஞ்சுத் தசை அப்படியே இருக்கும். பழைய கதைகளில் கேட்ட குழி விழுந்த நெஞ்சு இதில் கிடையாது.

அவர் இறந்து மூன்று வருடம் கழித்து, 1971-ல் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் பெரிய பரிசோதனை ஒன்றைத் தொடங்கினார். 1973-ல் இத்தாலியின் மிலானில் உம்பெர்டோ வெரோனேசி இன்னொன்று. மிலானில் கேட்ட கேள்வி நேரடியானது. கட்டி சின்னதாக இருக்கும்போது மார்பகத்தை முழுதாக எடுத்த பெண்களும், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு வைத்துக்கொண்ட பெண்களும், யார் அதிக நாள் உயிரோடு இருக்கிறார்கள்? மிலானில் 701 பெண்கள். ஃபிஷரின் அடுத்த பரிசோதனையில் 1,851 பெண்கள். இரண்டு பரிசோதனைகளின் 20 ஆண்டு முடிவுகளும் 2002-ல் வந்தன. உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை.

இந்த வரியை இரண்டு தடவை படியுங்கள். மார்பகத்தை எடுத்தால்தான் பாதுகாப்பு என்பது எல்லோருக்கும் பொருந்தாது. தொடக்க நிலையில் வந்தால், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு வைத்துக்கொள்வதும் உயிருக்கு அதே அளவு பாதுகாப்பு. அதே இடத்தில் மறுபடி வரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம், அதனால் தொடர் பரிசோதனை கட்டாயம். கட்டி பெரிதாக இருந்தால், ஒரே மார்பில் பல இடங்களில் இருந்தால், கதிர்வீச்சு வைக்க முடியாத உடல்நிலை இருந்தால் மார்பகத்தை எடுப்பதுதான் சரி. அங்கே தயங்கக் கூடாது.

அப்போ நம் நாட்டில் ஏன் இன்னும் இவ்வளவு பேருக்கு முழுதாக எடுக்கிறார்கள்? காரணம் பெரும்பாலும் நாம் வரும் நேரம். இந்தியாவின் மருத்துவமனைப் பதிவேடுகளில், மார்பகப் புற்றுநோயோடு வரும் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு, வரும்போதே நோய் சுற்றியுள்ள பகுதிக்கோ அக்குளுக்கோ பரவியிருக்கிறது. இன்னொரு காரணம், கதிர்வீச்சு இயந்திரம் இருக்கும் ஊரில் வாரக்கணக்கில் தங்க முடியாத குடும்பங்கள். பீகாரில் இருந்து டெல்லிக்கோ, ராமநாதபுரத்தில் இருந்து சென்னைக்கோ வருபவருக்கு வாடகையும் சாப்பாடும்தான் மருத்துவத் தீர்மானத்தை எடுக்கிறது. இப்போது பல இடங்களில் கதிர்வீச்சு ஐந்து வாரத்தில் இருந்து மூன்று வாரமாகக் குறைந்திருக்கிறது, தகுதியுள்ள சிலருக்கு ஒரே வாரம். உங்களுக்கு எத்தனை வாரம் என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். முடிவே மாறலாம்.

பெரிய கட்டியோடு வருபவர்களுக்கும் வழி இருக்கிறது. முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு அறுவை சிகிச்சை செய்வது. அடையாறில் 1990-களில் கீமோவையும் கதிர்வீச்சையும் சேர்த்து முதலில் கொடுத்து, பிறகு அறுவை செய்தார்கள். அப்படி சிகிச்சை பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களை சாந்தாவும் சக மருத்துவர்களும் ஆய்வாக வெளியிட்டார்கள். இன்று கீமோ முதலில் என்பது உலகம் முழுக்க வழக்கம். அதனால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு கீமோ போடச் சொன்னால், கைவிட்டுட்டாங்க என்று பயப்படாதீங்க.

ஆபரேஷன் முடிந்த பிறகு

கட்டியை மட்டும் எடுத்தால் அன்றோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முழுதாக எடுத்தால் இரண்டு மூன்று நாள். அக்குளில் கை வைத்திருந்தால் பெரும்பாலும் ஒரு ரப்பர் குழாயோடு வீட்டுக்கு வருவீர்கள். வெட்டிய இடத்தில் ஊறும் நீர் அதன் வழியாக ஒரு சின்னக் குப்பியில் சேரும். தினமும் எத்தனை மில்லி என்று எழுதி வைக்கச் சொல்வார்கள். அளவு குறைந்ததும், பொதுவாக ஒன்று இரண்டு வாரத்தில், எடுத்துவிடுவார்கள். எடுத்த பிறகும் சிலருக்கு அங்கே நீர் கோக்கும். அது புற்றுநோய் திரும்பியது இல்லை, ஊசியால் இழுத்துவிடலாம். காய்ச்சல், சிவப்பு, சீழ், திடீர் வீக்கம் என்றால் மட்டும் தேதி வரும்வரை காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.

மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போன மாதிரி இருப்பது சகஜம். அக்குள் வழியாகப் போகும் ஒரு நரம்பு பாதிக்கப்படுவதால் வருவது. சிலருக்குக் குறையும், சிலருக்கு நிலைத்துவிடும்.

நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு, கையை அசைக்காமல் வைத்துக்கொள்வது. பாசத்தில்தான் செய்கிறோம். அம்மாவை ஒரு டம்ளர்கூடத் தூக்க விடமாட்டோம். விளைவு, மூன்று மாதத்தில் தோள் இறுகிவிடும். பிறகு கதிர்வீச்சுக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்க முடியாமல் சிகிச்சையே தாமதமாகும். மறுநாளே விரல்களை மூடித் திறப்பது, முழங்கையை மடக்குவது, தலை வாருவது என்று தொடங்கலாம். குழாய் எடுத்த பிறகு சுவரில் விரல்களால் படியேறுவது போல ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதல் உயரம். எதை எப்போது என்பதை உங்கள் பிசியோதெரபிஸ்ட் சொல்ல வேண்டும். கனமான குடத்தை, சிலிண்டரைத் தூக்குவதற்கு மட்டும் சில வாரங்கள் விடுப்பு.

கை வீக்கம் தனிப் பிரச்னை. அக்குள் முடிச்சுகள் பெரும்பாலானவற்றை எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு வரலாம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு சொல்கிறது. முதல் காவல் முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதித்தால் அது கிட்டத்தட்ட இருபதில் ஒருவராகக் குறைகிறது. 1990-களில் வந்த இந்தச் சோதனையில், சாயமோ மெல்லிய கதிரியக்கப் பொருளோ செலுத்தி, புற்று முதலில் போகக்கூடிய ஓரிரு முடிச்சுகளைக் கண்டுபிடிக்கிறார்கள். அவை சுத்தமாக இருந்தால் மற்றதைத் தொடுவதில்லை. அக்குளில் நெறிகட்டி தெரியாதவர்கள் இந்த வசதி இந்த மருத்துவமனையில் இருக்கா என்று கேட்பதில் தப்பே இல்லை. வளையல் இறுகுவது, மோதிரம் கழலாமல் போவதுதான் வீக்கத்தின் முதல் அடையாளம். ஆரம்பத்திலேயே போனால் இறுக்கமான கையுறை, கட்டு, பயிற்சியால் அடக்கிவைக்கலாம்.

எடுத்த திசுவின் பயாப்சி அறிக்கை வந்ததும் அதை ஃபைலில் பத்திரமாக வையுங்கள். ஈ.ஆர், பி.ஆர், ஹெர்-2 என்று மூன்று பெயர்கள் இருக்கும். அடுத்து கீமோவா, ஐந்து முதல் பத்து வருடம் ஹார்மோன் மாத்திரையா, வேறு ஊசியா என்பதை அவைதான் தீர்மானிக்கும். மாத்திரை எழுதிக் கொடுத்தால் உடம்பு நல்லா இருக்கே என்று நடுவில் நிறுத்தாதீர்கள்.

இந்தியாவிலேயே நடந்த ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். டாடா நினைவு மையத்தின் தலைமையில் நாட்டின் 11 மையங்களில் சுமார் 1,600 பெண்கள் பங்கேற்றார்கள். அறுவைக்குச் சற்று முன் கட்டியைச் சுற்றி லிடோகெய்ன் என்ற மரத்துப்போகும் ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். ஐந்து வருடம் நோயின்றி இருந்தவர்களின் விகிதம் 82.6%-ல் இருந்து 86.6% ஆனது என்று 2023-ல் வெளியிட்டார்கள். விலை மலிவான, எந்த ஊரிலும் கிடைக்கும் மருந்து.

எண்ணத் தொடங்கியபோது

முத்துலட்சுமி பணம் கேட்டு அலைந்த நாட்களில் இல்லாமல் இருந்த அந்த எண்ணிக்கை, அவர் போன பிறகு வந்தது. 1981-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் தேசியப் புற்றுநோய் பதிவேட்டைத் தொடங்கியபோது, மும்பை, பெங்களூரோடு சென்னையும் தேர்வானது. சென்னைப் பதிவேடு அடையாறில்தான் அமைந்தது. டெல்லியின் பதிவேடு 1980-களின் பிற்பகுதியில் எய்ம்ஸில் வந்தது. இரு நகரங்களிலும் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் இன்று மார்பகப் புற்றுநோய்தான். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பின் மதிப்பீட்டின்படி 2022-ல் இந்தியாவில் புதிதாகச் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு இது கண்டறியப்பட்டது. சுமார் 98 ஆயிரம் பேர் இறந்தார்கள்.

ஒரு பெண் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார். ஐந்து வருடம் கழித்து அவர் இருக்கிறாரா, இல்லையா? இறப்புச் சான்றிதழில் காரணம் சரியாக எழுதப்படாத நாட்டில் இதைத் தெரிந்துகொள்வது சுலபமில்லை. அதனால் சென்னைப் பதிவேட்டின் ஊழியர்கள் கடிதம் போட்டார்கள், போன் செய்தார்கள், பதில் வராதபோது முகவரியைத் தேடி வீட்டுக்கே போனார்கள். சென்னையின் புற்றுநோய் உயிர்பிழைப்பு விகிதங்கள் என்று ஆய்வுகளில் வரும் எண்கள் அப்படிக் கதவைத் தட்டிச் சேர்த்தவை.

சிகிச்சை முடிந்த பிறகு முதல் இரண்டு மூன்று வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு இடைவெளி கூட்டி, கூடவே வருடம் ஒரு மேமோகிராம் என்று உங்களையும் வரச் சொல்வார்கள். வீடு மாறினால், போன் நம்பர் மாறினால், மருத்துவமனைப் பதிவில் அதை மாற்றச் சொல்லிவிடுங்கள்.